பூஜ்யத்தை விழுங்கிய கணினியும் தஞ்சோங் பகார் பாட்டிமாரும்

கோயிலுக்கு வர முடியாத பெரியவங்க வீட்டுக்கே ஆடி மாதப் பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது தெம்பனிஸ் தொண்டூழியர்களாகிய எங்கள் வேலை. இந்த வருஷம் பெயர்ப் பட்டியலை வரைபட மென்பொருளோடு இணைத்து, எந்த வேன் எந்தப் பக்கம் போகணும்னு திரையிலேயே பார்த்துடலாம்னு உட்கார்ந்தோம். ரெண்டு ராத்திரி போச்சு.

நம்ம ஊரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிட வசதி ஏது? தெம்பனிஸ், பாசிர் ரிஸ், பிடோக் எல்லாம் வரைபடத்தில் அழகாக வந்து உட்கார்ந்தன. தஞ்சோங் பகார்காரங்க ஒருத்தரும் வரலை. துறைமுகத்தில் உழைத்த காலத்திலிருந்து அந்தப் பக்கமே இருக்கிற குடும்பங்கள்!

அங்கே குறியீடு 08 என்று தொடங்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கே 058793 தான். அட்டவணை மென்பொருள் இதைக் கூட்டிக் கழிக்கிற தொகை என்று எடுத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விழுங்கி 58793 ஆக்கிவிடுகிறது. வரைபடக் கோப்பிலோ அதே குறியீடு எழுத்து வகையில், பூஜ்யத்தோடு இருக்கு. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கணினிக்கு வேறு வேறு. "பொருந்தவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னாலாவது பரவாயில்லை, அந்த இடத்தைக் காலியா விட்டுட்டுச் சும்மா இருக்கும். எங்களுக்குக் கோபம் வந்தது அதில்தான். வரைபடத்தை நம்பி வேன் கிளம்பியிருந்தால், ஒரு பாட்டி சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

அதைச் சரிபண்ணினால் இன்னொன்று முளைத்தது. ஒரே புளோக்கில் மூன்று பாட்டிமார், குறியீடோ ஒன்றுதான். கட்டடத்தோடு பெயரை இணைத்தபோது மென்பொருள் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இருவரை விட்டுவிட்டது. கட்டடத்தின் அடையாளம் ஆளின் அடையாளம் ஆகுமா?

இப்போது குறியீட்டுப் பத்தியை எழுத்து வகைக்கு மாற்றி, ஆறு இலக்கமும் வரும்படி பூஜ்யத்தைத் திரும்பச் சேர்த்தாச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஓர் எழுத்தில் தொடங்கும் தனி எண்ணும் கொடுத்தாச்சு. எழுத்து முன்னால் இருந்தால் எந்த மென்பொருளும் அதைத் தொகையாக நினைக்காது. பெயர்ப் பட்டியலை அடிப்படையாக வைத்து, கட்டடத்தின் இடத்தை அதில் சேர்த்தோம். மூன்று பாட்டிமாரும் வந்துட்டாங்க.

ஒரு வேண்டுகோள். படிவத்தில் முன்னால் வரும் பூஜ்யத்தை விடாமல், யூனிட் எண்ணோடு எழுதுங்க. தஞ்சோங் பகார், சைனாடவுன் பக்கம் வீட்டோடு இருக்கும் பெரியவங்களைத் தெரிந்தால், அவங்களைக் கேட்டுக்கொண்டு கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்க. வெள்ளிக்கிழமை காலை வேன் புறப்படும்.