பாட்டிக்காகக் காத்திருக்கும் பச்சை விளக்கு

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவது என் பொறுப்பு. துணைக்குப் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பாட்டி வருவார். வயது 78, கையில் ஊன்றுகோல்.

வீட்டுக்கு எதிரே அகலமான சாலை. கடக்கப் போகும்போது பாட்டி தன் முதியோர் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்துப் பெட்டியில் காட்டினார்.

"இதுக்கும் டிக்கெட்டா பாட்டி?"

"இல்லம்மா. கிழவி வர்றேன், கொஞ்சம் பொறுன்னு விளக்குகிட்ட சொல்றேன்" என்று சிரித்தார். "இந்தப் பெட்டி வைக்கிறதுக்கு முந்தி, பாதி ரோட்டுலயே விளக்கு மாறிடும். பயந்துக்கிட்டு கடைக்குப் போறதையே விட்டுட்டேன்."

மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். முதியோருக்காகவும் உடல் ஊனமுற்றோருக்காகவும் 2009-ல் தொடங்கிய ஏற்பாடாம் இது. அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஊன்றுகோலுடன் நடப்பவருக்கோ பாதிச் சாலை!

வண்டிகளையும் அந்தச் சந்திப்பு கவனிக்கிறது. தார் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள்கள் பதித்திருக்கிறார்கள். மேலே வண்டி வந்ததும் அவை கணினிக்குச் சேதி சொல்கின்றன. கூட்டத்தைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு உலை வைப்பதுபோல, வண்டிகளின் வரவைப் பார்த்துப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணினி கூட்டுகிறது, குறைக்கிறது. 'கிளைடு' எனப்படும் இந்த முறை 1988-ல் வந்தது. சிவப்பு விளக்கை மீறும் வண்டியைப் படம் பிடிக்கும் காமிராக்கள் 1986-லேயே வந்துவிட்டன. 2024 ஏப்ரல் முதல் அவற்றைக் கொண்டே படிப்படியாக வேகத்தையும் அளக்கத் தொடங்கினார்கள்.

இத்தனை இருந்தும் ஓர் ஆபத்து உண்டு. வலப்புறம் திரும்பும் வண்டியும், நடந்து கடப்பவரும் ஒரே பச்சையில் எதிர்ப்படுவதுதான் அது. அதனால் 2018 முதல் பல சந்திப்புகளில், திரும்பும் வண்டிகளுக்கென்று தனி அம்பு விளக்குப் பொருத்தி, இருவரின் நேரத்தையும் பிரித்து வருகிறார்கள்.

அந்த வசதி நம் தெருமுனைக்கு வரும்வரை, சகோதரிகளே, இவற்றைக் கடைப்பிடியுங்கள். பச்சை எரிந்தாலும், திரும்பும் வண்டி நின்றதைப் பார்த்த பிறகே சாலையில் இறங்குங்கள். குழந்தையின் தள்ளுவண்டியை நடைபாதை விளிம்பைத் தாண்டி நீட்டாதீர்கள். நம் கால் இறங்குமுன் குழந்தையல்லவா சாலையில் இருக்கும்! விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டால் ஓட வேண்டாம். அடுத்த பச்சை வரும். நின்று, வீட்டுப் பெரியவர்களின் கையைப் பிடித்து நிதானமாகக் கடக்கலாம்.