முகம் கவிழ்ந்து பிறக்கும் தரை

ஆத்தங்குடிக் கல்லைச் செய்பவர், செய்யும் நேரத்தில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. பூவும் இதழும் கரையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்ந்த நிலையில் உருவாகின்றன. நிறங்களை ஊற்றும்போது அவர் கண்ணில் படுவது அவற்றின் உட்பக்கம்தான். அதன்மேல் சாம்பல் நிறச் சிமெண்டு விழுந்ததும் அதுவும் மறைந்துவிடும். கல் இறுகி, நீரில் கிடந்து, காய்ந்து, கண்ணாடி விடுபட்ட பிறகே முகம் தெரியும். அதற்குள் சில நாட்கள் ஓடியிருக்கும். அவர் கை வேறு கற்களுக்குப் போயிருக்கும்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. புதிதாக வீட்டை அலங்கரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சுவரிலிருந்தே தொடங்குகிறார்கள்: ஒரு படம், ஒரு திரைச்சீலை, ஒரு தொங்கு விளக்கு. தரை யாரோ போட்டுக் கொடுத்தது, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் நம் உடம்பு எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது தரை ஒன்றைத்தான். அலங்காரம் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கையால் செய்த தரை எப்படி உருவாகிறது என்பதை நின்று பார்க்கவே அந்த ஊருக்குப் போனேன்.

பட்டறை என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். மேலே தகரமோ ஓடோ வேய்ந்த ஒரு கொட்டகை, ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, சலித்த மணல் குவியல், நிறக் கலவை வைத்த பாத்திரங்கள், அடுக்கி வைத்த கண்ணாடிகள். முதன்முறை வருகிறவர்கள் சூளை எங்கே என்று தேடுவார்கள். சூளை கிடையாது. மின்சாரத்தில் ஓடும் இயந்திரமும் இந்த வேலைக்குத் தேவையில்லை. சிமெண்டும் மணலும் நீரும் சேர்ந்து தாமே இறுகும்; அந்த இறுக்கத்தை எப்போது, எப்படி நடக்க விடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

நான் போய் நின்றபோது மூத்த தொழிலாளர் ஒருவர் தாழ்வான மேடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சதுரக் கண்ணாடி ஒன்றைத் துணியால் துடைத்தார். துடைத்தார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு வியப்பாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்தார். "ஒரு தூசி இருந்தாலும் கல்லுல அது குழியா நிக்கும் தம்பி. கண்ணாடி எப்படியோ கல்லு அப்படி" என்றார். இந்தக் கல்லின் பளபளப்புக்கு மெருகு எண்ணெயோ மேற்பூச்சோ காரணமில்லை. நீர்மமாக ஊற்றிய சிமெண்டு வழவழப்பான பரப்பை ஒட்டி இறுகும்போது அந்த வழவழப்பையே தன் மேனியாக வாங்கிக்கொள்கிறது.

கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் உட்கார்ந்தது. அதற்குள் அச்சு இறங்கியது. உலோகத் தகடுகளை வளைத்து, ஒட்டி, இதழ் இதழாக அறைகள் பிரித்த அச்சு அது. சிறு கரண்டியால் முதலில் கருப்பு, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு என்று ஒவ்வோர் அறையிலும் நிறத்தை ஊற்றினார். சிமெண்டு, நைசான மணல், ஆக்சைடு நிறப்பொடி, நீர், இவ்வளவுதான் கலவை. வெளிர் நிறங்களுக்கு வெள்ளைச் சிமெண்டு. அடர் நிறங்களுக்குச் சாதாரணச் சிமெண்டே போதும். பதம் என்ன என்று கேட்டேன். "தோசை மாவுப் பதம். கெட்டியானா மூலைக்குப் போகாது. தண்ணியானா அச்சை எடுத்ததும் ஒண்ணோட ஒண்ணு ஓடிரும்."

அறைகள் நிறைந்ததும் சட்டத்தை இரு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார். நிறம் மட்டமாகி, உள்ளே இருந்த காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. பின் அச்சை நேராக மேலே தூக்கினார். தகடு நின்ற இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்து, நிறங்கள் ஒன்றையொன்று நெருங்கி அதை மூடின. ஆனால் கலக்கவில்லை. இந்த ஒரு நொடிக்காகத்தான் பதம், அளவு, ஆட்டிய ஆட்டம் எல்லாம். கை சற்றே சாய்ந்தாலும் இதழின் விளிம்பு கலங்கிவிடும் என்று பக்கத்தில் இருந்த இளைஞர் சொன்னார். அவர் இன்னும் ஒற்றை நிறக் கற்களும் கரைக் கற்களும்தான் ஊற்றுகிறார். பூவுக்கு வர நாளாகுமாம்.

அடுத்து நடந்ததைத்தான் நான் மிகவும் ரசித்தேன். நீர் சேர்க்காத சிமெண்டையும் மணலையும் கலந்து, கையால் அள்ளி, ஈர நிறத்தின்மேல் மழைபோல் தூவினார். அந்த வறண்ட தூள் நிறப்படலத்திலுள்ள மிகை நீரைச் சட்டென்று உறிஞ்சியது. நிறங்கள் நின்ற இடத்தில் நின்றன. கீழே உள்ள நிறத்தையும் மேலே வரப்போகும் காரையையும் பிணைப்பதும் அதே தூள்தான். அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் அழுத்தி, சட்டத்தின் விளிம்போடு மட்டம் தட்டி வழித்தார். சட்டத்தைக் கழற்றினார். கல் கண்ணாடியோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தது. அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அச்சே இல்லாமல் ஊற்றும் வேலையும் உண்டு. இந்த மூத்தவர் கரண்டி நுனியால் கோடும் சுழியும் இழுத்து, வெறும் கண்ணாடியில் ஒரு கொடியைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றைப்போல் இன்னொன்று வராது. வாங்குகிறவர்கள் சிலர் அதையே குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. கையால் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, கையின் தடம் தெரிகிறதே என்று விலையைக் குறைப்பது நியாயமில்லை.

ஒரு நாள் இறுகிய கற்களைத் தொட்டியில் இறக்கி, இரண்டு மூன்று நாள் நீருக்குள் வைக்கிறார்கள். இந்த வேலையில் பெண்கள் இருந்தார்கள். ஒரு கல் முக்கால் அங்குலக் கனம் இருக்கும். கையில் நான்கைந்து சேர்ந்தால் நல்ல சுமை. குனிந்து இறக்க வேண்டும், குனிந்து எடுக்க வேண்டும், விளிம்பு உடையக் கூடாது. "அக்கா, தண்ணிக்குள்ள எதுக்கு இவ்வளவு நாள்?" என்றேன். "சிமெண்டு தண்ணி குடிச்சாத்தானே பலம் வரும். அவசரப்பட்டு எடுத்தா நாலு மாசத்துல பொடி உதிரும். அப்புறம் எங்களத்தான் ஏசுவாங்க" என்றார். அவர் விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். கையுறை போட்டால் கல் வழுக்குகிறது என்பதால் பலரும் போடுவதில்லை. வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாராம். ஈரத்திலும் வழுக்காத கையுறை ஒவ்வொரு பட்டறையிலும் கிடைக்க வேண்டும். கல்லின் விலையில் அது எந்த மூலைக்கு?

இந்தக் கல் பிறந்த காரணம் ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை இங்கே பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, இங்கிலாந்திலும் ஜப்பானிலும் செய்த பூவோடுகள் எல்லாம் கப்பலேறி வந்தன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீட்டுக்கு எவ்வளவு தரை வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தேவைக்கு உள்ளூர் மணலும் உள்ளூர்க் கையும் தந்த விடைதான் ஆத்தங்குடிக் கல். சிமெண்டில் பூங்கல் செய்வது பிரான்சின் தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி உலகெங்கும் பரவிய முறை. அங்கே அழுத்தப் பொறியில் வைத்து இறுக்குவார்கள். இங்கே பொறி இல்லை, கண்ணாடியும் கையும்தான். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபின் நகரத்தார் பலர் அங்கிருந்த சொத்தை இழந்து திரும்பினார்கள். அந்த அளவில் வீடு கட்டுவது நின்றது. பிறகு மொசைக் வந்தது, ஆலையில் செய்த செராமிக் வந்தது. இப்போது பழைய வீடுகள் சில விடுதிகளாகி, அங்கே வந்து தங்கியவர்கள் தங்கள் வீட்டுக்கும் இதே தரை வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதில் பட்டறைகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது.

ஊரில் பார்க்கத் திறந்திருக்கும் பெரிய வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஆள் நடமாட்டம் இருந்த நடுப்பாதை மின்னியது; யாரும் மிதிக்காத மூலைகள் மங்கிக் கிடந்தன. பட்டறைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னதும் மூத்தவர் சிரித்தார். "நாங்க பாதி வேலைதான் செய்றோம் தம்பி. மீதி வீட்டுக்காரவுக செய்யணும்."

இதுதான் அங்கே நான் கற்றதில் பெரியது. கல் வீட்டுக்கு வந்து பதிக்கப்பட்ட பின்னும் வேலை முடிவதில்லை. கொத்தனார் கலவைப் படுகையில் கல்லைக் கல்லோடு நெருக்கி வைத்து, மரக்கட்டையால் தட்டி, ரசமட்டம் பார்த்துப் போகிறார். பிறகு உமியும் தேங்காய் எண்ணெயும் கொண்டு தரையைத் தேய்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அன்றாடம் துடைக்கும் நீரில் சில சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். சிமெண்டின் நுண்துளைகள் அந்த எண்ணெயைக் குடித்து, காலடி பட்டுப் பட்டு, தரை வருடம் போகப் போக மெருகேறுகிறது. ஆலையில் செய்த ஓடு வாங்கிய அன்று இருக்கும் அழகோடு சரி. இது வீட்டாரின் கையையும் காலையும் எதிர்பார்க்கிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிறிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜை அறை, வாசல் முன்னறை, ஊஞ்சலுக்குக் கீழே உள்ள ஒரு சதுரம். நடுவில் பூக்கல், சுற்றிக் கரைக்கல், அதற்கு வெளியே ஒற்றை நிறம் என்பது பழைய வீடுகளில் காணும் ஒழுங்கு. சின்ன அறையில் ஒரே பூவை எல்லாக் கல்லிலும் இறைத்தால் கண்ணுக்கு ஓய்வு இருக்காது. தேவைக்குமேல் சில கற்களைச் சேர்த்தே வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் அதே சாயல் கிடைக்காது. சமையல் மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரித்து வெள்ளைத் தடம் விடும், மஞ்சள் கறையும் போகாது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இந்தத் தரைப்பக்கமே கொண்டுவராதீர்கள்.

கையால் ஒன்று செய்து பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மூத்தவரிடம் கேட்டேன். வேலைக்கு நடுவே பொறுமையாகச் சொன்னார். உள்ளங்கை அளவு கண்ணாடி, விளிம்பு தேய்த்தது. சுற்றி நான்கு மரச்சட்டம், கழற்றும்படி. கண்ணாடியில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரே ஒரு துடைப்பு. வெள்ளைச் சிமெண்டும் ஆக்சைடும் வன்பொருள் கடையில் கிடைக்கும். நிறப்பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கல் பலமிழக்கும். அச்சுக்குத் தகடு வளைக்க வராது என்றால் விட்டுவிடலாம். "இரண்டு நிறம் போதும். அச்சு இல்லாம ஊத்திப் பழகுங்க. சுழி வருதா, கோடு வருதான்னு பாருங்க." பிறகு வறட்டுத் தூள், அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த காரை. ஒரு நாள் அசையாமல், மூன்று நாளாவது நீரில். வீட்டில் செய்கிறவர் கையுறை போட வேண்டும். தூளைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சூடான பாத்திரம் வைக்கவோ, பூந்தொட்டிக்கு அடியில் போடவோ, அந்தச் சின்னக் கல் உதவும்.

எனக்கும் ஒரு சட்டத்தைத் தந்தார். நிறம் ஊற்றி ஆட்டும்போது, பாரம் ஒரு பக்கம் கூடிக் குறைவது மணிக்கட்டில் தெரிந்தது. எவ்வளவு ஆட்டினால் போதும் என்பதைக் கண் சொல்லவில்லை, அந்தப் பாரம்தான் சொன்னது. பல வருடங்களாக நாள் முழுக்க இதையே செய்த மணிக்கட்டுக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கூலி கல் கணக்கில். விரல் தடுக்கிக் கலங்கிய கல் கணக்கில் சேராது.

மழைக்காலத்தில் கல் சரியாகக் காயாது. உற்பத்தி பாதியாகக் குறைந்து, சில நாள் அடியோடு நின்றுவிடும். அந்த மாதங்களைத் தாண்டுவதற்கு முன்பணத்தோடு வரும் ஆர்டர்தான் பட்டறைக்குத் துணை. ஆகவே வீட்டில் ஒரு மூலைக்காவது இந்தக் கல் வேண்டும் என்று நினைப்பவர்கள், நீள அகலத்தை அளந்து, எந்த இடத்துக்கு என்பதையும் சொல்லி, புரட்டாசி முடிவதற்குள் ஆர்டர் கொடுங்கள். நிறம் தேர்ந்தெடுக்க நேரிலேயே போங்கள். அலைபேசிப் படத்தில் தெரியும் சிவப்பும் ஆத்தங்குடிச் சிவப்பும் ஒன்றல்ல.