லிங்கன் நகரத்துக் கூம்புப் பந்தயம்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மக்காச்சோளம் விளையும் பெரும் சமவெளியில் அமைந்திருக்கிறது நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கன். ஊரை நெருங்கும்போதே 400 அடி உயரமுள்ள சட்டசபைக் கோபுரம் தென்படுகிறது. அதன் உச்சியில் நிற்பவன் அரசனுமல்லன், படைத்தலைவனுமல்லன். விதை தூவும் உழவன் ஒருவன்! நம் நாட்டுப் பிரயாணிகள் நியூயார்க்கையும் நயாகராவையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். இவ்வூருக்கு வருவோர், எங்களைப் போல, பிள்ளையைப் பார்க்க வருபவர்களாகவே இருப்பர்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் டில்லியிலிருந்து சென்றிருந்தோம். சென்ற மூன்றாம் நாள், "அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் இருக்கிறது, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றான் மகன். அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் ஓட்டிச் செல்லும் அதே நான்கு கதவுக் காரில்தான் பந்தயமாம்! எங்கள் இருவருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. நள்ளிரவில் டில்லிச் சாலைகளில் காரை விரட்டும் பிள்ளைகளைப் பற்றிக் காலைப் பத்திரிகையில் படித்துப் படித்து நொந்தவர்கள் நாங்கள். இதை அவன் விட்டுவிட வேண்டுமென்று சொல்லிவிடுவதாக இரவே பேசி வைத்துக்கொண்டோம். ஆயினும், பாராமல் தடுப்பது முறையன்று என்று கருதி உடன் சென்றோம்.

பந்தயம் நடக்கும் இடம் பழைய விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் தோன்றியது. பின்னர் குண்டுவீச்சு விமானங்கள் தங்கும் பெருந்தளமாகி, 1966இல் மூடப்பட்டது. விமானங்கள் போய்விட்டன, ஏக்கர் கணக்கில் பரந்த கான்கிரீட் தரை மட்டும் எஞ்சியிருக்கிறது. மரமில்லை, கம்பமில்லை, சுவரில்லை. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் எங்கள் நினைவுக்கு வந்தது. அதுவும் அதே போர் விட்டுச்சென்ற விமானத் தளம்தான். 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனத் தனிப் பாதை அமைத்துக்கொள்ளும் முன்னர், பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது அங்கேதான். ஆனால் சோழவரத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்திச் சென்றன. லிங்கனில் நாங்கள் கண்டதோ வேறு வகை.

இங்கே ஒரு வண்டி மற்றொரு வண்டியோடு மோதுவதற்கு வழியே இல்லை என்று சொல்லலாம். கடிகாரமே எதிராளி. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைவும் நெளிவுமாக வைத்துப் பாதை வகுத்திருக்கிறார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. முன்சென்ற வண்டி போதிய தூரம் விலகிய பின்னரே அடுத்தது நகரும். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் நாம் சாதாரணமாகச் செல்லும் வேகத்தை இது மிஞ்சுவது அரிது. ஒரு கூம்பை இடித்து அதன் இடத்தைவிட்டு நகர்த்தினால் இரண்டு வினாடி தண்டனை. ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் தரையில் கோடு போட்டிருப்பதால், நகர்ந்ததா இல்லையா என்ற வழக்குக்கே இடமில்லை. வாயில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது.

விடிந்ததும் மகன் செய்த வேலைகளைச் சொல்ல வேண்டும். காலடி மிதியடிகளை எடுத்து வெளியே வைத்தான். அவை நழுவிப் பிரேக்கின் கீழ் சிக்கிக்கொள்ளுமாம். பின்பெட்டியில் இருந்த அரிசி மூட்டை, குடை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் இறங்கின. சக்கரத் திருகுகளை இறுக்கினான். டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தான். ஓட்டம் முடிந்ததும் கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வதற்காக. கதவில் நீலக் காகித நாடாவால் எண்ணை ஒட்டினான். பரிசோதகர் வந்து பாட்டரி ஆடுகிறதா, பிரேக் மிதி உறுதியாக இருக்கிறதா, சக்கரம் அசைகிறதா என்று குலுக்கிப் பார்த்தார். தலைக்கவசம் இல்லாத புதியவர்களுக்குக் கழகமே இரவல் கொடுக்கிறது. எங்கள் வீட்டு வண்டியை இவ்வளவு அக்கறையோடு நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கு அல்ல, உண்மையாகவே சொல்கிறோம்.

அடுத்து எல்லோரும் பாதையைக் காலால் நடந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுப் பாதை. ஆகவே பழகியவர், பழகாதவர் என்ற பேதம் பாதையளவில் இல்லை. மகன் நான்கு முறை நடந்தான், நாங்கள் இரண்டு முறை. நடக்கும்போது புதியவர்களுக்கு ஒரு பெரியவர் பாடம் சொன்னார்: கண் எங்கே பார்க்கிறதோ கை அங்கே திருப்பும், கூம்பையே பார்ப்பவன் கூம்பையே இடிப்பான், ஆகவே அடுத்த வளைவையும் அதற்கடுத்ததையும் பார். பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே மிதித்து முடித்துவிடு. டயருக்கு உள்ள பிடிமானம் ஓரளவே. அதை முழுவதும் நிறுத்துவதற்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிராது. இத்தனை ஆண்டுகள் காரோட்டிய எங்களுக்கு இதனை எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மகனின் முதல் ஓட்டத்தில் மூன்று கூம்புகள் சரிந்தன. நான்காம் ஓட்டத்தில் ஒன்றும் சரியவில்லை. ஆர்ப்பரித்து வந்த விலையுயர்ந்த வண்டி ஒன்றைவிட, நரைத்த தலை அம்மையார் ஒருவர் சிறிய மாஸ்டா காரில் விரைவாக வந்து சேர்ந்தார். அதைக் கண்டு எங்களில் ஒருவர் கைதட்டினார். யார் என்று எழுத வேண்டாமென்று உத்தரவு!

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மற்றொரு ஏற்பாடு. ஓட்டி முடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. வெயிலில் பாதையோரம் நின்று, பிறர் ஓட்டும்போது சரிந்த கூம்புகளை ஓடி எடுத்து நிறுத்த வேண்டும். வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஆபத்தென்றால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். பக்கத்தில் தீயணைப்புக் கருவி தயாராக இருக்கிறது. மருத்துவரும் மாணவரும் மெக்கானிக்கும் ஒரே வரிசையில் கூம்பு பொறுக்கினார்கள். 2009இல் கான்சாஸ் மாநிலத்து டொபீகாவிலிருந்து இவ்வூருக்கு வந்த தேசியப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுவதுண்டு. அங்கும் இதுவே விதி.

இரவில் பேசி வைத்த வார்த்தையை நாங்கள் மகனிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மஞ்சள் விளக்குக்கு அவன் தானாகவே வேகத்தைக் குறைத்ததையும் பார்த்துக்கொண்டோம்.

நம் பிள்ளைகளில் எவரேனும் இதை விரும்பினால், நம் நாட்டிலும் ஆட்டோகிராஸ் உண்டு. பல இடங்களில் மண் தரையில் நடக்கிறது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனம் ஏற்ற போட்டியா என்று முதலில் விசாரித்து, அதன் போட்டி உரிமத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சாதாரணக் கார் இன்ஷ்யூரன்ஸ் பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். டயர் தேயும், அந்தச் செலவைப் பிள்ளைகளே தங்கள் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.