ஆனேக்கல் ரோடு

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரம் நெரிசலில் வண்டி நின்றே தீரும். அங்கே இடதுபக்கம் பிரிவது ஆனேக்கல் ரோடு. ஒன்பது வருஷமாக ஜன்னல் வழியே பார்க்கிற போர்டு. போன வருஷம்தான் அதை நிஜமாகப் படித்தேன்.

1760 ஆகஸ்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காவிரியைக் கடந்து ஒருவர் ஆனேக்கலுக்குத் தப்பி வருகிறார். கூடக் கொஞ்சம் குதிரைக்காரர்கள் மட்டும். மனைவியும் ஒன்பது வயசுப் பையனும் எதிரிகளின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பையன் திப்பு. வந்தவர் ஹைதர் அலி.

கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1749ல் தேவனஹள்ளி முற்றுகையில் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். அதற்கப்புறம் எல்லாம் ப்ரமோஷன்தான். 1755ல் திண்டுக்கல் பவுஜ்தார். அங்கே அவர் செய்த ஒரு வேலையை மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் சொல்கிறார். நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். ஹைதர் சுமார் 700 பேருக்கு மஞ்சள் கட்டுப் போட்டுக் காட்டி, எல்லாருக்கும் காயப்படி வாங்கினாராம். ஐடியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் திண்டுக்கல்லில் இருக்கும்போது தலைநகரில் அவருடைய கணக்கையும் காரியத்தையும் பார்த்துக்கொண்டவர் கண்டே ராவ். ஹைதரே தேர்ந்தெடுத்து வளர்த்த ஆள். சம்பள பாக்கிக்காகப் படை கலகம் செய்தபோது ஹைதர்தான் வந்து தீர்த்துவைத்தார். பெங்களூர் ஜாகீராகக் கிடைத்தது. 1759ல் நஞ்சராஜர் பதவியை விட்டுப் போனார். போக வைத்ததில் ஹைதருக்கும் பங்கு உண்டு. கண்டே ராவ் பிரதானி ஆனார். அடுத்த வருஷம், ஹைதரின் படையில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவ ஆற்காட்டுப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, அதே கண்டே ராவ் அரண்மனையோடு சேர்ந்து பீரங்கியை ஹைதரின் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கண்டே ராவ் கூப்பிட்டு வந்த மராத்தியர்களிடம் ஹைதர் பேரம் பேசினார். 3 லட்சம் ரூபாயும் பாரமகாலும் தருவதாக வாக்கு. பாரமகால்னா கிருஷ்ணகிரியும் சுற்றுவட்டாரமும்தான். 1761 ஜனவரியில் பானிபட்டில் மராத்தியர் தோற்றார்கள், இங்கே இருந்தவர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். பாரமகாலை ஹைதர் கொடுக்கவே இல்லை. நம்ம ஊரைப் பின்தேதியிட்ட செக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்.

அடுத்து அவர் போன இடம் கொணனூர். நஞ்சராஜர் ஒதுங்கியிருந்த ஊர். யாரை இறக்கினாரோ அவர் காலிலேயே விழுந்தார். அழுதார் என்கிறார்கள். நஞ்சராஜர் மன்னித்தார், தன் பெயரையும் கொடுத்தார். அந்தப் பெயரை வைத்துத்தான் ஹைதர் திரும்பி எழுந்தார். பின்னாளில் அதே நஞ்சராஜரைக் காவலில் வைத்தார்.

1761ல் ஸ்ரீரங்கப்பட்டணம் கைக்கு வந்தது. கண்டே ராவை விட்டுவிடச் சொல்லி அரண்மனைப் பெண்கள் கெஞ்சினார்களாம். கிளி மாதிரி வளர்க்கிறேன் என்றாராம் ஹைதர். சொன்னபடி இரும்புக்கூண்டில் அடைத்து, சாகும்வரை பாலும் சோறும் போட்டார். ராஜாவை மட்டும் சிம்மாசனத்திலேயே விட்டுவைத்தார். வருஷா வருஷம் தசராவுக்கு ஜனங்களுக்குக் காட்டினால் போதும்.

எல்லாரும் அந்தக் கூண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைத் தூங்கவிடாதது கொணனூர்.

என்னை ஃப்ரெஷராக எடுத்து, கோடு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கிருஷ்ணகிரிக்காரர். இன்றைக்கும் எனக்கு அவர் 'சார்'தான். போன வருஷம் டீமைச் சுருக்கும்போது மேலிடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் இல்லாமல் ப்ராஜெக்டை ஓட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். அதில் பொய் இல்லை. கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். அடுத்த மாதம் அவர் போனார். அவருடைய சீட் எனக்கு வந்தது.

ஹைதர் காலில் விழுந்தது காரியத்துக்காக என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நஞ்சராஜரின் முகத்தை நேராகப் பார்க்க அவர் கொணனூர் வரை போனார். எனக்குக் கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், ஆறுவழிச் சாலை.

ஜூன்ல சார் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தோப்புல காய் இறங்கிடுச்சுப்பா. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

மாம்பழ சீசன் முடிந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை.