எண்பது நாள் கணக்கு

விடியுமுன்னே கம்பம், கூடலூர், போடியிலிருந்து தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களில் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் உண்டு. "நாம தினக்கூலிதானேக்கா, நமக்கு யாரு லீவு சம்பளம் தருவா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள்.

தர வேண்டும். 1961-இன் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் தோட்டங்கள் தொடக்கத்திலேயே இருந்தன. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு, சராசரி நாள்கூலியோடு. 2017 வரை அது 12 வாரம்தான். தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

ஆனால் 5 ஹெக்டேருக்கும் குறைந்த சின்னத் தோட்டங்கள் 'தோட்டம்' என்ற கணக்கிலேயே வருவதில்லை. ஜீப் இந்த வாரம் ஒரு தோட்டத்திலும் அடுத்த வாரம் வேறொன்றிலும் இறக்கிவிட்டால் 80 நாள் எங்கே சேரும்? உழைப்பு அதே உழைப்பு, உடம்பு அதே உடம்பு. இது அநியாயம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் தமிழக அரசு தரும் உதவி. அதற்குக் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதியுங்கள். தோட்டத்துச் சம்பளம் வேறு.

தங்கச்சிகளே, எந்தத் தோட்டம், எந்தத் தேதி, எவ்வளவு கூலி என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத அக்காவுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.