ஒரு நத்தைக்கு நூறு பெயர்!

பிரிட்டன், நார்வே, ஸ்வீடன் பக்கம் கடலோரப் பாறைகளில், அலை ஏறி இறங்கும் இடத்தில், ஒரு குட்டி நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுதான். இன்று அதன் பெயர் லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ்; அதில் "சாக்ஸாட்டிலிஸ்" என்பது 1792-ல் இத்தாலியரான ஒலிவி வைத்தது. ஆனால் அதே நத்தையைப் பின்னால் வந்தவர்கள் "புது இனம், புது வகை" என்று நூறு தடவைக்கு மேல் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள் நூறு பெயரில் ரேஷன் கார்டு வாங்கிய கதைதான்!

ஏன் இப்படி? எல்லோரும் ஓட்டைப் பார்த்தார்கள். அந்த ஓடோ இடத்துக்கு இடம் மாறும். நண்டு அதிகம் உள்ள இடத்தில் ஓடு பெரிதாக, தடிமனாக, வாய் சிறிதாக இருக்கும். நண்டால் எளிதில் உடைக்க முடியாது. அலை அடிக்கும் பாறையிலோ ஓடு சிறிது, மெல்லியது, வாய் அகலம். அகலமான வாய் இருந்தால் பெரிய பாதம் வைத்துப் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். நிறமும் வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கோடு போட்டது என்று பல விதம்.

1988-ல் ஸ்வீடனின் கோஸ்டர் தீவுகள் பக்கம் நச்சுப் பாசி பெருகி, சிறு பாறைத்திட்டுகளில் இருந்த நத்தைகள் அழிந்தன. 1992-ல் அப்படி ஒரு காலித் திட்டில் ஆராய்ச்சியாளர்கள் நண்டுப் பகுதி நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 30 வருடத்தில் அவற்றின் சந்ததி அலைப்பாறை நத்தை போலவே மாறிவிட்டது. 2024-ல் முடிவுகள் வெளியாயின. இனம் ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஒரே கார்டில் இரண்டு குடும்பம்! லிட்டோரினா ஆர்க்கானா என்ற தனி இனம் 1978-ல்தான் பிரித்து அறியப்பட்டது. அதுவரை சாக்ஸாட்டிலிஸ் கூட்டத்திலேயே சத்தமில்லாமல் இருந்தது. ஓட்டை வைத்து இரண்டையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. வளர்ந்த பெண் நத்தையின் உள்ளே பார்க்க வேண்டும். சாக்ஸாட்டிலிஸ் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமந்து, குட்டி ஓட்டோடு வெளியே விடும். ஆர்க்கானா பாறை இடுக்கில் கூழ் போன்ற முட்டைக்குவியல் இடும்.

அப்படியானால் கரையில் ஆண் நத்தையோ காலி ஓடோ கிடைத்தால்? "சாக்ஸாட்டிலிஸ் கூட்டத்தில் ஒன்று" என்று எழுதி நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதினால் பட்டியல் நிறைவாகத் தெரியும். ஆனால் எந்த இனம் எங்கே இருக்கிறது, எது குறைகிறது என்ற கணக்கு, அந்த ஒரு வரியிலிருந்தே தப்பாகிவிடும்.