டிம்மும் பிரைட்டும்

பிரெஞ்சு மொழியில் வண்டியின் முகப்பு விளக்குக்கு 'ஃபார்' என்று பெயர். கலங்கரை விளக்கத்துக்கும் அதே சொல்தான். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் நின்ற ஃபாரோஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது. டிம் விளக்கை அவர்கள் 'கோட்' என்பார்கள். 'கோட் த லா ரூட்', அதாவது சாலை விதித் தொகுப்பு, அதிலிருந்து பிறந்த சொல் அது. ஆக, பிரைட் என்றால் கலங்கரை விளக்கம், டிம் என்றால் சட்டம்! புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சொற்கள் சிறு வயதிலேயே பழக்கம். அவற்றுக்குள் இவ்வளவு விஷயம் இருப்பது எழுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றபின் அம்மா ஊரான ஓமந்தூரில் இருக்கிறேன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். தங்கை வீடு அடுத்த தெருவில். அவள் மகன் ஒரு பழைய புல்லட் வைத்திருக்கிறான். சென்ற வருடம் மூன்று மாதம் அந்த வண்டிக்கு என்னென்ன மீட்டர் பொருத்தலாம், என்னென்ன விளக்கு போடலாம் என்று மாமனும் மருமகனுமாகச் சோதனை செய்தோம். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் அவன் ஏன் இதில் இறங்கினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை வீட்டுக்காரர் 2019 பிப்ரவரியில் ஒரு நாள், திண்டிவனத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் இரவு ஏழரை மணிவாக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டுக் காலம். லோடு ஏற்றிய டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து சாலையோரம் நின்றது. பின்னால் விளக்கும் இல்லை, சிவப்புச் சில்லும் இல்லை. எதிரே ஒரு கார் பிரைட் போட்டுக்கொண்டு வந்தது. டிரெய்லரின் பின்பக்கத்தில் நேராகப் போய் மோதினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"அப்பாவுக்கு வெளிச்சம் பத்தல மாமா. அந்த வண்டி லைட்டு மின்மினிப் பூச்சி மாதிரி இருக்கும்" என்பான் தங்கை மகன். அதிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்: தன் வண்டியில் பகல் மாதிரி வெளிச்சம் வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய் எல்இடி பல்பு, லைட் பார், வோல்ட் மீட்டர், ஆர்பிஎம் மீட்டர், இஞ்சின் ஆயில் சூடு காட்டும் மீட்டர் எல்லாம் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டான். "ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்போம்டா" என்றேன். கோப்பு வந்தால் வரிசைப்படி பார்ப்பதுதானே நம் பழக்கம்.

மீட்டர்களை முதலில் எடுத்துக்கொண்டோம். அந்தக் கால புல்லட்டில் முகப்பு விளக்குக்கு மேலேயே ஓர் அம்மீட்டர் இருக்கும், நினைவிருக்கிறதா? விளக்கைப் போட்டதும் முள் கழித்தல் பக்கம் சாயும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கூட்டல் பக்கம் ஏறும். பேட்டரிக்குள் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அந்த ஒரு முள் சொல்லிவிடும். இவன் வண்டியில் அது இல்லை.

ஆர்பிஎம் மீட்டர் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆயிரம் சுற்றில் நின்று ஓடும் இஞ்சினுக்கு இரண்டாயிரம் காட்டியது. இஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி விடுகிறதா, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறியா என்று மீட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இப்படித்தான் இரட்டிப்பாகக் காட்டும். மாற்றி வைத்தபின் சரியானது. சரியான பிறகு அதனால் எங்களுக்கு ஆன பயன் எதுவுமில்லை. புல்லட் ஓட்டுபவனுக்கு இஞ்சின் வேகத்தைக் காதே சொல்லிவிடும். ஆயில் சூடு மீட்டரும் அப்படியே, ஓமந்தூருக்கும் திண்டிவனத்துக்கும் போய் வருகிற வண்டிக்கு அது நகைதான்.

பயன்பட்டது வோல்ட் மீட்டர். நம் வயதுக்காரர்கள் வீட்டில் கார் இருந்தால் இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்குப் பல நாள் முன்பே இந்தச் சின்னக் கருவி சொல்லிவிடும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இன்னொன்று செய்தோம். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 13.6 இருந்தது. முகப்பு விளக்கின் பல்பில் அளந்தால் 12.3. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போயிற்று? மெல்லிய ஒயர், பழைய சுவிட்ச், துருப்பிடித்த இணைப்பு எல்லாம் வழியிலேயே தின்றுவிட்டன. இதில் ஒரு விசேஷம். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம் குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை, கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். கடையில் புதுப் பல்பு வாங்குபவர்கள் பலருக்கு வெளிச்சம் இல்லாததன் காரணம் பல்பில் இல்லை, ஒயரில் இருக்கிறது.

எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் ஒரு ரிலேயும் ஃபியூஸும் வைத்து, பேட்டரியிலிருந்து விளக்குக்குத் தடித்த ஒயர் நேராக இழுத்துக் கொடுத்தார். பழைய சுவிட்ச் இப்போது ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. பல்பில் 13.3 வோல்ட் வந்தது. அதே பழைய 60/55 வாட் ஹாலஜன் பல்பு. ஆனால் தெரு முனையில் இருக்கும் புளியமரத்தின் கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. தங்கை மகனே அசந்துவிட்டான். 100 வாட் பல்பு போட்டு ஒயரை உருக்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் பையில் எல்இடி பல்பு இருக்கிறதே! அதையும் மாட்டினான். சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் உண்மையிலேயே பகல் மாதிரிதான். "எப்படி மாமா?" என்றான். "உட்கார்ந்து பார்த்தது போதும். எதிரே நின்று பார்க்கலாம் வா" என்றேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 என்று ஒரு புத்தகம். அதில் 106ஆம் விதி முகப்பு விளக்கின் கூச்சத்தைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருப்பதாக வைத்துக்கொள். அந்தக் கண் கூசாதபடி வெளிச்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். சர்க்கார் விதிகளில் இவ்வளவு மனுஷத்தனமான விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. எத்தனை வாட், என்ன பல்பு என்று தொடங்காமல், எதிரே வருகிறவனின் கண் எங்கே இருக்கிறது என்று தொடங்குகிறது.

மல்லாட்டை காயவைக்கும் களத்தில் டேப் வைத்து அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டோம். புல்லட்டை நிறுத்தினோம். களத்தின் அந்தக் கோடியில், புல்லட்டுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரரின் டிரெய்லர் எப்போதும் நிற்கும். அதன் ஓரத்தில் என் வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டேன். இருட்டியதும் அவனைக் கோட்டில் நிற்க வைத்து நான் வண்டியில் உட்கார்ந்தேன்.

முதலில் பழைய பல்பு, டிம்மில். "துண்டு தெரியுதா?" "தெரியுது மாமா. டிரெய்லரும் தெரியுது."

பல்பை மாற்றினோம். எல்இடி, அதுவும் டிம்மில்தான். "இப்ப துண்டு தெரியுதா?"

அவன் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "டிரெய்லரே தெரியல மாமா" என்றான்.

பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவன் எதை நினைத்தான் என்று எனக்குத் தெரியும். நான் எதை நினைத்தேன் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். என் தங்கை வீட்டுக்காரருக்கு வெளிச்சம் போதாமல் இருந்தது உண்மை. ஆனால் அன்று அவர் கண்ணை மறைத்தது இருட்டு மட்டுமில்லை, எதிரே வந்தவரின் வெளிச்சமும்தான்.

இது ஏன் என்று விசாரித்துப் புரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே சிறு கரண்டி போல ஒரு தகடு இருக்கிறது. மேலே போகும் வெளிச்சத்தை மறைப்பது அதுதான். பின்னாலுள்ள கண்ணாடிக் கிண்ணமும் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்காகவே வளைக்கப்பட்டது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே கத்தரித்தது போல ஒரு கோடு விழும். அந்தக் கிண்ணத்துக்குள் வேறு வடிவ எல்இடி பல்பை நுழைத்தால், வெளிச்சம் பிறக்கும் இடம் மாறிவிடுகிறது. கோடு கலைந்து எல்லாப் பக்கமும் சிதறுகிறது. கம்பெனியே எல்இடிக்கென்று வடிவமைத்துத் தரும் விளக்கில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கிண்ணத்தில் புதுப் பல்பு என்பதுதான் கோளாறு.

அதோடு நம் வயதும் சேர்ந்துகொள்கிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது என்பது கண் மருத்துவத்தில் பல காலமாகத் தெரிந்த கணக்கு. அதனால் நமக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். ஆனால் மங்கத் தொடங்கிய கண் வில்லையில் வெளிச்சம் சிதறுவதால் கூச்சமும் அதிகம், கூச்சத்திலிருந்து மீள நேரமும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடும். அந்த 50 மீட்டரும் குருடர் ஓட்டிய தூரம்.

பிரான்சில் 1930களின் கடைசியிலிருந்து எல்லா வண்டிக்கும் மஞ்சள் முகப்பு விளக்குதான் சட்டம். கண் கூச்சம் குறையும் என்று சொன்னார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே விதி என்று வந்தபோது, 1993 முதல் புது வண்டிகளுக்கு வெள்ளை வந்துவிட்டது. மஞ்சளால் எவ்வளவு பயன் என்று இன்றும் வாதம் உண்டு. எதிரே வருபவரின் கண்ணை நினைத்து ஒரு நாடே அரை நூற்றாண்டு தன் விளக்கின் நிறத்தை வைத்திருந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

நம் ஊரிலும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. முகப்புக் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடும் போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறோம். சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். டைனமோவின் 3 வாட் பல்பில் பாதை எங்கே தெரிந்தது? நாம் வருவது மற்றவருக்குத் தெரியட்டும் என்பதற்குத்தானே அது!

மறுநாள் காலை அவனே எல்இடியைக் கழற்றிப் பழைய பல்பை மாட்டினான். லைட் பார் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. விளக்கின் கோணத்தைச் சரிபார்த்தோம். அதில் ஒரு சூட்சுமம்: பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் அவன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துத்தான் சுவரில் கோடு பார்த்தோம். "இந்த வயசுல என்னை வெச்சு என்னடா ஆராய்ச்சி" என்று அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

மீதிப் பணத்தில் அவன் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுருள் வாங்கினான். வண்டிகளுக்குப் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்பது அதே புத்தகத்தில் 104ஆம் விதி. அதற்குப் பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். டிவிஎஸ்ஸின் மின்மினி வெளிச்சம்கூட அதற்குப் போதும். முதலில் களத்தில் நின்ற டிரெய்லருக்கு ஒட்டினான். பிறகு கரும்பு வெட்டு தொடங்கியதும் தெருவில் இருக்கும் டிரெய்லர், மாட்டு வண்டி, பால்காரர் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக. இரண்டாவது சுருளுக்கு நான் காசு கொடுத்தேன். இப்போது மூன்றாவது ஓடுகிறது.

உங்கள் ஊரிலும் விளக்கில்லாத டிரெய்லர் இருக்கும். உடையவரைக் கேட்டுவிட்டு இரண்டு முழம் ஒட்டிவிட்டு வாருங்கள். பேரன் வண்டிக்குப் புது லைட் போட்டிருக்கிறான் என்றால், அவனை 8 மீட்டர் தள்ளி எதிரே நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் சுவிட்சைப் போடுங்கள். நீங்கள் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்காது.